டயருக்கு எத்தனை பவுண்டு காற்று?

மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா மாவட்டத்தில், லிங்கி ஆற்றை ஒட்டி லூபோக் சீனா வட்டாரம் அமைந்துள்ளது. ரப்பர்த் தோட்டங்களில், தொழிலாளர்கள் விடியற்காலை முதல் வெட்டிச் சேர்த்த பாலைத் தொட்டி பொருத்திய இழுவண்டியில் ஏற்றி, டிராக்டர் கொண்டு ஆலைக்கு இழுத்துச் செல்லும் வழக்கம் உண்டு. அந்த வண்டியின் பாரம் முழுவதையும் தாங்குவது டயருக்குள் நாம் அடைக்கும் காற்றேயாகும்.

1896ஆம் ஆண்டில் தான் சாய் யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்குடன் ரப்பர் பயிரிட்டார். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், 1888இல், டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கியிருந்தார். இன்று உலகின் இயற்கை ரப்பரில் பெரும்பகுதி டயராகவே மாறுகிறது. நாம் வெட்டும் பாலில் உருவாகும் பொருளைச் சரியாகப் பேணுவது எப்படி என்பதை நாமே அறிந்திருப்பது நன்று.

எத்தனை பவுண்டு என்பதை முடிவு செய்வது பாரமாகும். வெறும் வண்டியின் எடை 900 கிலோ என்று கொள்வோம். அதில் 2,000 லிட்டர் பால் நிரப்பினால், ஒரு லிட்டர் பால் ஏறத்தாழ ஒரு கிலோவாதலால், மொத்தம் 2,900 கிலோவை நெருங்கும். இரு சக்கர வண்டியில், டிராக்டரின் கொக்கி தாங்கும் பங்கு போக, எஞ்சியதில் பாதியை ஒவ்வொரு டயரும் சுமக்கிறது. அந்த எடைக்குரிய காற்றழுத்தத்தை டயர் தயாரிப்பாளரின் அட்டவணையில் காணலாம். டயரின் பக்கவாட்டில் ‘மேக்ஸ்’ என்று பொறித்திருக்கும் எண்கள் அது தாங்கக்கூடிய உச்ச அளவுகளாகும். அவற்றை ஒருபோதும் மீறுதல் கூடாது.

காற்றுக் குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஓயாது மடிந்து நிமிரும். அதனால் உட்புறம் சூடேறி, இறக்கத்திலோ வளைவிலோ டயர் வெடிக்கக்கூடும். காற்று மிகுந்தால் நடுப்பகுதி மட்டுமே தரையில் பதிந்து விரைவில் தேயும். ஈரமான மண்பாதையில் பிடிப்புக் குறையும். இரு பக்கமும் ஒரே அளவாக இல்லாவிடில் வண்டி ஒரு புறமாக இழுக்கும்.

அழுத்தத்தைக் காலையில், வண்டி புறப்படுமுன் அளக்க வேண்டும். வெப்பம் 10 பாகை உயர்ந்தால், 35 பவுண்டு அடைத்த டயரில் ஏறத்தாழ 2 பவுண்டு கூடும். ஓடிச் சூடான டயரிலிருந்து காற்றை இறக்கிவிட்டால், அது குளிர்ந்தபின் அளவு குறைந்துவிடும். காலால் உதைத்துப் பார்ப்பதும் கண்ணால் மதிப்பிடுவதும் போதா. அழுத்தமானியே சரியான சான்று. மானியில் கிலோபாஸ்கல் இருந்தால், 30 பவுண்டு என்பது 207 கிலோபாஸ்கல் எனக் கொள்க. காற்றடைக்கும்போது டயரின் நேர் எதிரே நில்லாமல், ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்க வேண்டும்.

பால் நிறைந்த வண்டி கவிழ்ந்தால், பலர் விடியல் முதல் பாடுபட்ட உழைப்பு மண்ணில் கலந்துவிடும். அதைவிடப் பெரிது, ஓட்டுநரின் உயிரும் வழியில் நடந்து செல்வோரின் உயிருமாகும். வாரம் ஒரு முறையேனும், பாரம் கூடும் நாளில் தவறாமலும், அழுத்தமானியைக் கையில் எடுப்போமாக. ஐந்து நிமிட வேலை ஒரு குடும்பத்தைக் காக்கும்.