உயரம் வேறு, அசைவு வேறு: மணற் பக்கியின் முன்தொங்கல் பற்றிய ஒரு பாடம்

பக்கி என்னுஞ் சொல் நம் முதியோர்க்குக் குதிரை பூட்டிய சிறு வண்டியை நினைவூட்டும். ஈண்டு நாம் ஆராயப் புகுவது குதிரையின்றி மணலில் ஓடும் பக்கியை. கலிபோர்ணியாவில் புறூஸ் மேயர்ஸ் என்பார் வொக்ஸ்வாகன் பீற்றிலின் உறுப்புக்களைக் கொண்டு, கண்ணாடியிழை உடல் பொருத்தி, 1964 ஆம் ஆண்டில் அமைத்த ‘மாங்ஸ்’ வண்டி இவ்வினத்துக்குப் பெயர் தேடித் தந்தது. 1967 ஏப்பிரலில் அவரும் ரெட் மாங்கெல்ஸ் என்பாரும் மெக்சிக்கோவின் பாஜா தீபகற்பத்திலே லா பாசிலிருந்து திக்குவானா வரை 34 மணி 45 நிமிடத்தில் அதனை ஓட்டி வந்தனர். அவ்வழியிற் பெரும்பகுதி அந்நாளிற் கல்லும் மணலுமேயாம்.

இத்தகைய வண்டியைத் தாமே அமைப்போர் முதலிற் கைவைப்பது முன்தொங்கலிலேதான். உடலைச் சில்லுகளின்மேல் தாங்கி நின்று அதிர்ச்சியை ஏற்கும் தொகுதியே தொங்கல் எனப்படும். முன்பக்கத்தைச் சில அங்குலம் உயர்த்திவிட்டால் கரடுமுரடான நிலத்தில் வண்டி நன்றாக ஓடும் என்பது பலரது எண்ணம். அது பாதி உண்மை. சுக்கானோடு தொடர்புடைய உறுப்புக்களிற் பாதி உண்மையை நம்பி வேலை செய்தல் உயிருக்கு ஊறாகும்.

பீற்றிலின் முன்தொங்கலை முதலில் அறிந்துகொள்வோம். குறுக்காக, ஒன்றன்மேல் ஒன்றாக, இரண்டு இரும்புக் குழாய்கள் உள. ஒவ்வொன்றினுள்ளும் உருக்குத் தகடுகள் கட்டாக அடுக்கப்பட்டு நடுவிற் பிணிக்கப்பட்டுள்ளன. குழாய்களின் முனைகளிலிருந்து பின்னோக்கி நீளும் கைகளே சில்லைத் தாங்குகின்றன. சில்லு எழும்போது கை சுழலும். கை சுழலத் தகட்டுக்கட்டு முறுகும். முறுகியது மீளச் சில்லு தாழும். மொரிஸ் மைனரின் அடியிற் படுத்துப் பார்த்தவர்க்கு முறுக்கு வில் புதிதன்று. அங்கே அது நெடுக்காகக் கிடக்கும்; இங்கே குறுக்காகக் கிடக்கிறது. வேறுபாடு அவ்வளவே.

குழாயின் நடுப்பகுதியை வெட்டி, சற்றே திருப்பி, மீண்டும் உருக்கி ஒட்டினால் வண்டி உயரும். ஆனால் நிகழ்ந்தது யாது? ஒரு கணக்கினாற் காண்போம். சில்லு மேலுங் கீழுமாக 6 அங்குலம் அசையவல்லது எனவும், நிற்கும்போது மேலே 3, கீழே 3 அங்குலம் இடமுண்டு எனவுங் கொள்க. வண்டியை 2 அங்குலம் உயர்த்தினால் மேலே 5, கீழே 1 ஆகும். கூட்டினால் அதே 6 தான். மேட்டில் ஏறுகையில் நன்மை உண்டு. பள்ளத்தில் இறங்குகையிலோ ஓரங்குலம் தாழ்ந்தவுடன் சில்லு அந்தரத்தில் நிற்கும். அந்தரத்தில் நிற்கும் சில்லு எவ்வளவு திருப்பினும் வண்டியைத் திருப்பாது. ஆகவே உயரம் வேறு, அசைவு வேறு என்பதை மாணாக்கர் முதலிலேயே பிரித்தறிதல் வேண்டும்.

அசைவுக்கு எல்லை கட்டுவது எது? இங்கேதான் சுவையான செய்தி உளது. 1966 ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து பீற்றிலின் முன்னே பொருத்தப்பட்டது, பட்டறைகளிற் ‘போல் ஜொயின்ற்’ என வழங்கும் பந்துக்கிண்ண மூட்டு. அதற்கு முன்னர் இருந்தது ‘கிங் பின்’ அமைப்பு: சில்லு திரும்புதற்கு நிலைக்குத்தான ஆணி ஒன்று; கைகளின் முனையிலே கிடையான இணைப்பாணிகள் வேறு. தெருவுக்குப் புதியதே ஏற்றது, பராமரிப்புக் குறைவு. மணலுக்கோ பழையதைத் தேடிப் பூட்டுவோர் பலர். பழைமைப் பற்றினால் அன்று. பந்து தன் கிண்ணத்துள் எப்பக்கமுந் திரும்புமாயினும், ஓரளவு சாய்ந்ததும் அதன் தண்டு கிண்ணத்தின் விளிம்பில் முட்டும். உயர்த்திய வண்டியிற் கைகள் ஏற்கெனவே தாழ்ந்திருத்தலின் அம்முட்டல் விரைவில் வரும். முட்டிய தண்டின்மேல் மேலும் பாரம் விழுந்தால் அது வளையும், அல்லது முறியும். முறிந்தாற் சில்லு போயிற்று. இணைப்பாணியோ கிணற்றுத் துலாவின் அச்சுப் போன்றது. ஒரு திசையில் மட்டுமே சுழலும். அத்திசையில் அதற்குத் தடை இல்லை. ஆயினும் கிறீசு இன்றி அது நெடுநாள் வாழாது. மணலில் ஓடி வந்தபின் கிறீசு இடச் சோம்புவோர்க்கு இம்மாற்றம் வேண்டாம் என்பதே எமது கருத்து.

மாற்றுமிடத்துக் கைகளை மட்டும் மாற்றல் இயலாது. ஒன்றன் கை மற்றதன் குழாயிற் பொருந்தாது. குழாய், கை, சில்லச்சு அனைத்தையும் ஒரே தொகுதியாகவே மாற்றுதல் வேண்டும். இரட்டை முக்கோணக் கைகளைப் பூட்டி இன்னும் நீண்ட அசைவு பெறுவாரும் உளர். அது முன்சட்டத்தையே புதிதாகக் கட்டும் பெருவேலை. முதன்முறை செய்வார்க்கு உரியதன்று.

பின்பக்கம் எந்திரம் இருத்தலாற் பக்கியின் முன்பக்கம் மிக இலேசானது. பீற்றிலின் முழுத் தகட்டுக்கட்டு இதற்குக் கடினம். சில்லு அசையாது துள்ளும். ஆதலின் சில தகடுகளை எடுத்துவிடுவர். எடுத்தவற்றைச் சிறு துண்டுகளாக வெட்டி, முனைகளிலும் நடுவிலும் மீளச் செருகுதலை மறத்தலாகாது. அன்றேல் கட்டு தன் சதுரத் துளையில் ஆடும்.

அசைவு கூடியபின் அதிர்வடக்கியும் நீளமானதாதல் வேண்டும். சில்லு தாழும் எல்லையை அதிர்வடக்கி தாங்குதல் கூடாது. அதற்கு முன்னரே இறுகும்படி வலிய நெசவு வார் ஒன்று கட்டுக. பிறேக் குழாய் முழுத் தாழ்விலும், சுக்கான் முழுத் திருப்பிலும் இழுபடாது தளர்ந்து நிற்கிறதா எனக் கையாற் பிடித்துப் பார்க்க.

இறுதியாகச் சுக்கான். பீற்றிலின் சுக்கான் பெட்டி ஒரு பக்கமாக அமைந்திருத்தலால் இரு சில்லுகளுக்குஞ் செல்லும் கோல்கள் நீளத்தில் ஒவ்வா. கோலின் முனை ஒரு வில்வட்டத்திலும் சில்லு வேறொரு வில்வட்டத்திலும் எழுந்து தாழ்வதால், அசைவு கூடுந்தோறும் ஓட்டுநர் திருப்பாமலே சில்லுகள் முகந்திரும்பும். குட்டைக் கோலின் பக்கத்தில் இக்குற்றம் மிகும். போட்டிப் பக்கிகளிற் சுக்கானின் ஆட்டத்தை நடுவுக்குக் கொணர்ந்து கோல்களைச் சமநீளமாக்குவது இதுபற்றியே. பின்சில்லுகள் பெரியனவாகி வண்டி மூக்குத் தாழ்ந்து நிற்குமாயின், கீழ்க்குழாயின் பின்னே ஆப்புத் தகடு வைத்து அச்சின் சாய்வையும் மீட்டல் வேண்டும். இவற்றையெல்லாம் வண்டியை முட்டுக்கொடுத்து நிறுத்தி, சில்லை ஒவ்வோர் அங்குலமாக உயர்த்தி, முகத்திருப்பத்தை அளந்து ஏட்டிற் குறித்தபின்னரே தெருவில் இறக்குக.