பதினாறு வயதில் கம்பெனி தொடங்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறான். எங்கள் பக்கம் விசைத்தறிதான் பிழைப்பு. பாவு ஏற்றிய தேதி, நெய்த மீட்டர், தறி ஓட்டுகிறவர்களுக்குத் தர வேண்டிய கூலி எல்லாவற்றையும் போனிலேயே கணக்குப் போடும் ஆப் ஒன்றை அவனும் அவன் வகுப்புத் தோழனும் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள். ஆறு பட்டறைக்காரர்கள் மாதம் 300 ரூபாய் கொடுத்து அதைப் பயன்படுத்துகிறார்கள். பையன்கள் இருவரும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி பதிந்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். ஏஜென்ட் ஒருவர், ஆதாரில் பிறந்த வருடத்தை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்கிறார். என்ன செய்யலாம், மேடம்?

- ஒரு தாய், பள்ளிபாளையம்

பதில்: சகோதரி, முதல் வேலையாக அந்த ஏஜென்டின் நம்பரை அழித்துவிடுங்கள். பொய்த் தகவல் கொடுத்துக் கம்பெனி பதிந்தால் அது 2013-ம் வருடக் கம்பெனிச் சட்டத்தின் 447-ம் பிரிவின்படி மோசடி. அதற்குச் சிறைத் தண்டனை உண்டு. மாட்டிக்கொள்ளப் போவது ஏஜென்ட் அல்ல, உங்கள் குடும்பம்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் நம் சட்டப்படி செல்லாது. 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 11-ம் பிரிவு இதைச் சொல்கிறது. கல்கத்தாவில் தர்மதாஸ் கோஷ் என்ற மைனர் தன் சொத்தை அடமானம் எழுதிக்கொடுத்துக் கடன் வாங்கிய வழக்கில், அந்த அடமானம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று பிரிவி கவுன்சில் 1903-ல் தீர்ப்பளித்தது. இன்றைக்கும் நீதிமன்றங்கள் அந்தத் தீர்ப்பைத்தான் எடுத்துக்காட்டுகின்றன. ஆகவே கம்பெனியின் சங்க விதிகளில் உங்கள் மகன் கையெழுத்திட முடியாது, இயக்குநராகவும் ஆக முடியாது. ஒரே ஆள் நடத்தும் 'ஒன் பெர்சன் கம்பெனி'யில் மைனர் உறுப்பினராகவோ நாமினியாகவோகூட இருக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. பெங்களூரு சுஹாஸ் கோபிநாத் 2000-ம் ஆண்டில் 14 வயதில் கம்பெனி தொடங்க நினைத்தபோது இங்கே வழியில்லாமல் அமெரிக்காவில்தான் பதிவு செய்தார்.

இதைக் கேட்டுப் பிள்ளைகள் மனம் சோர வேண்டாம். சட்டம் தடுப்பது கையெழுத்தை மட்டும்தான். மைனர் சொத்து வைத்திருக்கலாம், லாபம் பெறலாம். முழுப் பணமும் கட்டிய பங்குகளைக் கார்டியன் மூலம் வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆப்பை எழுதியவர்கள் அவர்கள். பதிப்புரிமைச் சட்டப்படி அதன் முதல் உரிமையாளர்களும் அவர்களே. அதற்கு வயது வரம்பு கிடையாது.

நீங்களும் தோழனின் பெற்றோரும் இயக்குநர்களாக இருந்து கம்பெனியை இப்போதே பதியலாம்தான். ஆனால் நான் வேண்டாம் என்பேன். வருமானம் மாதம் 1,800 ரூபாய். ஒரு ரூபாய்கூட வரவில்லை என்றாலும் கம்பெனிக்கு ஆடிட்டர் வைக்க வேண்டும், ஆண்டுதோறும் வரவு செலவு அறிக்கையும் ஆண்டறிக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் படிவம் ஒன்றுக்கு நாளுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். இரண்டு படிவமும் ஒன்பது நாள் தாமதமானால் பிள்ளைகளின் ஒரு மாத வருமானம் அப்படியே போய்விடும்.

உங்களுக்கு ஏற்றது கூட்டு வணிகம், அதாவது பார்ட்னர்ஷிப். நீங்களும் தோழனின் அம்மாவோ அப்பாவோ ஒருவரும் பங்குதாரர்களாகப் பத்திரம் எழுதி, பிள்ளைகள் இருவரையும் லாபத்துக்கு மட்டும் உரியவர்களாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1932-ம் வருடக் கூட்டு வணிகச் சட்டத்தின் 30-ம் பிரிவு இதை அனுமதிக்கிறது. மேஜரான பங்குதாரர்கள் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும், எல்லோருக்கும் சம்மதம் இருக்க வேண்டும். பிள்ளைகள் கணக்குப் புத்தகத்தைக் கேட்டுப் பார்க்கலாம், நகல் எடுக்கலாம். தொழிலில் கடன் விழுந்தால் அதில் அவர்களுக்குள்ள பங்குதான் பதில் சொல்லுமே தவிர, அவர்களுடைய சொந்தச் சொத்தைத் தொட முடியாது.

ஒரு கண்ணி இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். 18 நிரம்பிய நாளிலிருந்து, அல்லது தான் இப்படிச் சேர்க்கப்பட்டிருப்பது தெரிந்த நாளிலிருந்து, இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து ஆறு மாதத்துக்குள், தான் பங்குதாரராகத் தொடர்கிறேன் அல்லது தொடரவில்லை என்று பையன் பொது அறிவிப்புக் கொடுக்க வேண்டும். வாயே திறக்காமல் இருந்துவிட்டால் பங்குதாரர் ஆகிவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதன்பின், அவனை முதன்முதலில் சேர்த்த நாளிலிருந்து தொழில் பட்ட கடனுக்கெல்லாம் அவன் சொந்தப் பொறுப்பாகிவிடுவான். மைனராக இருந்த காலத்துக் கடனும் இதில் அடக்கம். பதிவான தொழிலாக இருந்தால் பதிவாளருக்குத் தகவல் தருவதோடு, அரசிதழிலும் உள்ளூரில் விற்கும் தமிழ் நாளிதழ் ஒன்றிலும் அறிவிப்பு வரவேண்டும்.

அடுத்தது ஆப்பின் உரிமை. சேர்ந்து எழுதிய இரு மாணவர்கள் கல்லூரிக்குப் போனதும் பிரிந்து, 'அது என்னுடையது' என்று இரண்டு வீட்டாரும் என் மேஜைக்கு முன்னால் நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஒரு வரிகூட எழுதி வைத்திருக்கவில்லை. நீங்கள் அப்படி விட்டுவிடாதீர்கள். ஆப் இரு பிள்ளைகளுக்கும் சொந்தம், தொழிலுக்குப் பயன்படுத்தும் அனுமதி மட்டுமே உண்டு என்று பத்திரத்திலேயே எழுதி, கார்டியன் என்ற முறையில் பெற்றோர் கையெழுத்திடுங்கள். யார் எந்தப் பகுதியை எழுதினார்கள் என்பதைத் தேதியோடு ஒரு நோட்டில் குறித்து, ஆரம்ப வடிவத்தின் நகலையும் பத்திரப்படுத்துங்கள். 18 ஆனதும் இருவரும் புதிதாக ஒப்பந்தம் போட வேண்டும். மைனராக இருந்தபோது தானே போட்ட கையெழுத்தை மேஜரான பிறகு ஒப்புக்கொண்டாலும் அது செல்லுபடியாகாது.

வருமான வரியைப் பொறுத்தவரை, மைனரின் வருமானம் பொதுவாகப் பெற்றோரில் அதிகம் சம்பாதிப்பவரின் கணக்கில் சேரும். சொந்தத் திறமையால் சம்பாதித்தது அப்படிச் சேராது. ஆனால் தொழிலில் கிடைக்கும் லாபப் பங்கும் திறமைக்கான ஊதியமும் ஒன்றல்ல. ஆகவே பத்திரம் எழுதும்போதே ஆடிட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பையன் பெயரில் பான் கார்டு இப்போதே வாங்கலாம்.

பட்டறைகள் ஆறு அறுபதானால் கம்பெனி தொடங்குங்கள். அதற்குள் பிள்ளைகளுக்கு 18 ஆகியிருந்தால் அவர்களே இயக்குநர்களாகலாம். நிர்வாக இயக்குநர் பதவிக்கு மட்டும் 21 ஆகவேண்டும்.

பத்திரம் எழுதும் அன்றே ஒரு காரியம் செய்யுங்கள். பையனின் 18-வது பிறந்த நாளுக்கு ஆறு மாதம் கழித்து வரும் தேதியைப் பத்திரத்தின் மேலட்டையில் சிவப்பு மையால் எழுதி வையுங்கள்.