ஊமைக் காயம்

விழுந்து எழுந்து வந்தவனின் உடம்பில் கீறல்கூட இல்லையென்று வீட்டார் ஆறுதலடைந்துகொண்டிருக்கும்போது, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவி ஒருத்தி மட்டும், "ரத்தம் வந்திருந்தால்கூடத் தேவலை, ஊமைக் காயமாக இருந்து தொலைக்கப் போகிறது" என்று முணுமுணுப்பதை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். வாய் திறந்து தன்னைச் சொல்லிக்கொள்ளாத காயத்துக்கு இவ்வளவு பொருத்தமாகப் பெயர் சூட்டிய நம் ஜனங்கள், விலாவிலும் முதுகிலும் பட்ட அடிக்கு அதைத் தாராளமாக வழங்குகிறார்களே யொழிய, அது யாவற்றிலும் நன்றாகப் பொருந்தக்கூடிய மூளைக்கு ஏனோ வழங்குவதில்லை. தலை விஷயத்தில் கண்ணுக்குத் தெரிவதே பிரமாணம்: மண்டை உடைந்ததா, மூர்ச்சை போட்டதா, காதிலும் மூக்கிலும் ரத்தம் வந்ததா என்ற மூன்று கேள்விகளோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

இந்த விசாரணை போதாது என்பதை நான் பாதி படித்தும், பாதி என் தமக்கையின் கணவரைப் பார்த்தும் தெரிந்துகொண்டேன். மதுராந்தகத்தைத் தாண்டி நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்த ஓரிடத்தில், பின்னால் வந்த லாரி இடித்துத் தள்ள, அவருடைய கார் முன்னால் நின்ற வேனில் போய் மோதியது. அரை மணிக்குள் நான் போய்ச் சேர்ந்தபோது, சாலை நடுவே அரளிச்செடிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடிகூட உடையவில்லை. லாரிக்காரரிடம் நியாயம் பேசினார். இன்ஷூரன்ஸ் பாலிசி நம்பரை மனப்பாடமாக ஒப்பித்தார். பிறகு என்னைப் பார்த்து, "மாப்பிள்ளை, வண்டிச் சாவி எங்கே?" என்றார். கொடுத்தேன், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இரண்டு நிமிஷம் கழித்து, "மாப்பிள்ளை, வண்டிச் சாவி எங்கே?" என்றார். பத்து நிமிஷத்துக்குள் ஐந்து தடவை கேட்டார். 'பதற்றம், பாவம்!' என்று சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதைச் சொல்லிவிடுவதுதான் நேர்மை. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். பிள்ளையாருக்குச் சிதறு தேங்காய் உடைத்துவிட்டு வீட்டுக்குள் அழைத்துப் போனோம்.

"தலை எதிலும் இடிக்கவே இல்லையே" என்பதுதான் அன்று எங்கள் எல்லோருக்கும் தைரியம் கொடுத்த வாக்கியம். ஊரிலிருந்து மடியில் தயிர்ச் சட்டியை வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தவர்களுக்கு இந்த வாக்கியத்தின் குற்றம் விளங்கும். வழியில் ஓட்டுநர் திடீரென்று பிரேக் போடுகிறார்; சட்டி எதிலும் முட்டிவிடாதபடி இரு கைகளாலும் அணைத்துப் பிடித்து அம்மாள் அதைக் காப்பாற்றிவிடுகிறாள்; ஆனால் வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தால், கட்டித் தயிர் பாளம் பாளமாக விண்டு நீர் விட்டிருக்கிறது. சட்டியில் ஒரு விரிசல் கிடையாது. சுமார் 1,400 கிராம் எடையுள்ள, தொட்டால் குழையும் மூளையும், நீர் சூழ்ந்த ஓட்டுக்குள் ஏறத்தாழ இந்த நிலைமையில்தான் இருக்கிறது. ஆக்ஸ்போர்டில் ஹோல்போர்ன் என்ற பௌதிக ஆராய்ச்சியாளர் ஜெலட்டினால் மூளை மாதிரிகள் செய்து சோதித்து, 1943-ல் ஒரு முடிவைச் சொன்னார்: மூளையை நசுக்குவது கடினம், ஆனால் தலை சடக்கென்று சுழலும்போது உள்ளே ஒரு படலம் இன்னொன்றின்மேல் வழுக்கி இழுபடுவதைத்தான் அதனால் தாங்க முடியாது. இன்றைய பாகிஸ்தானில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற மூளை அறுவை நிபுணர் அயூப் ஓமாயா, 1969-ல், கழுத்து வெட்டி இழுக்கப்பட்டதே தவிரத் தலையில் அடி படாத நோயாளிகளுக்கும் மூளையைச் சுற்றி ரத்தம் கட்டியதைச் சக ஆசிரியரோடு வெளியிட்டார். சீட் பெல்ட்டும் காற்றுப்பையும் ஆளைக் கண்ணாடி வழியே தூக்கி எறியப்படாமல் காக்கின்றன. அவை இல்லாமல் காரில் உட்காருவது மடமை. ஆயினும் அவை பிடித்துக்கொள்வது சட்டியைத்தான். தயிரைப் பிடித்துக்கொள்ள இன்னும் ஒருவரும் பட்டை கண்டுபிடிக்கவில்லை.

"மயக்கம் போடவில்லை, நன்றாகப் பேசினார்" என்பது அடுத்த நம்பிக்கை. மூளை அதிர்ச்சி அடைந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு கணம்கூடப் பிரக்ஞை இழப்பதில்லை. பாலிசி நம்பரைச் சொன்னது பழைய ஞாபகம். அது எப்போதோ எழுதி உலர்ந்த மை. கையில் வாங்கிய சாவியை நினைவில் வைப்பதற்குப் புதிதாக எழுதியாக வேண்டும். அந்த எழுத்தாணி அன்று ஓடவில்லை. இப்படிப்பட்டவர் நடப்பார், பேசுவார், வீட்டுக்குப் போன் செய்து கவலைப்படாதே என்பார். மறுநாள் கேட்டால் அந்த ஒரு மணி நேரம் அவரிடம் இருக்காது. 1974-ல் கிளாஸ்கோ நகரத்து வைத்தியர்களான கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜென்னட்டும் வகுத்த அளவுகோலின் இன்றைய வடிவத்தில், கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என மொத்தம் 15 மதிப்பெண். அதில் 13 முதல் 15 வரை வாங்குபவருக்கு 'லேசான' காயம் என்று எழுதுவார்கள். முதல் பரிசோதனையில் ஆள் எப்படி இருந்தார் என்பதற்கு வைத்த பெயர் இது. நாமோ அதைப் பின்னால் வரப்போவதற்கு வாங்கிய உத்தரவாதமாக எடுத்துக்கொள்கிறோம். லேசான காயம் பட்டவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள் என்பதும் உண்மை. மீதியுள்ளவர்களைப் பற்றியே இங்கே பேச்சு.

"வெளியே புடைத்துவிட்டது, இனி உள்ளே ஒன்றுமில்லை" என்று சொல்லாத குடும்பம் தமிழ்நாட்டில் அபூர்வம். புடைப்பு, ஓட்டுக்கு வெளியே தோலுக்கடியில் கட்டிய ரத்தம். ஓட்டுக்கு உள்ளே நடப்பதற்கும் அதற்கும் வடிகால் சம்பந்தம் எதுவும் இல்லை. அடி எங்கே, எவ்வளவு பலமாக விழுந்தது என்பதற்கு அது ஒரு சாட்சி, அவ்வளவே. காதிலிருந்து ரத்தம் வந்தால் 'கெட்ட ரத்தம் போகட்டும்' என்று சும்மா இருப்பவர்களும் உண்டு. அது மண்டையின் அடித்தளம் விரிசல் விட்டதன் அறிகுறியாக இருக்கலாம். ரத்தமே இல்லாமல் மூக்கிலிருந்தோ காதிலிருந்தோ தெளிந்த நீர் சொட்டி, காலையில் தலையணை ஈரமாக இருந்தால், ஜலதோஷம் என்று மிளகு ரசம் வைக்காமல் வைத்தியரிடம் ஓட வேண்டும். காதுக்குப் பின்னாலும் இரு கண்களைச் சுற்றியும் ஓரிரு நாள் கழித்துப் படரும் கருநீலமும் அதே ஜாதி. பெரியவர்களுடைய மூன்று கேள்விகளை நான் பரிகசிக்கவில்லை. வேலூரில் ஜேக்கப் சாண்டி 1949-லும், சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி 1950-லும் நரம்பியல் அறுவை சிகிச்சையைத் தொடங்குவதற்கு முன்னால், அந்தக் கேள்விகளைத் தவிர நம்மிடம் வேறு என்ன இருந்தது? 'ஆம்' என்று பதில் வந்தால் அவை இன்றும் நல்ல கேள்விகள்தான். 'இல்லை' என்ற பதிலை நம்பிக் கதவைச் சாத்திவிடுவதில்தான் ஆபத்து.

அந்த ஆபத்து எத்தகையது என்பதை உலகம் 2009 மார்ச்சில் பார்த்தது. ஆங்கில நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பனிச்சறுக்குப் பயிலும்போது விழுந்தார். அது கார் விபத்தன்று. ஆனால் உள்ளே நடந்தது கார் விபத்துக்களில் நடப்பதேதான். எழுந்து சிரித்துப் பேசினார், உதவி வேண்டாமென்றார். சுமார் ஒரு மணி நேரம் கழித்துத் தலைவலி என்றார். இரண்டு நாளில் இறந்தார். நெற்றிப்பொட்டுக்கு அருகே எலும்பு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி ஓடும் ரத்தக் குழாய் கிழிந்தால், ஓட்டுக்கும் மூளையின் உறைக்கும் நடுவே ரத்தம் தேங்கி அழுத்துவதற்குச் சற்று நேரம் பிடிக்கிறது. இந்த இடைவேளையில் மனிதர் வெகு தெளிவாக இருப்பார். 'அடிபட்டவனைத் தூங்க விடாதே' என்ற பாட்டி வாக்கு இந்த அனுபவத்திலிருந்தே பிறந்திருக்க வேண்டும். தூக்கத்தால் யாரும் சாவதில்லை. உள்ளே நடப்பதைத் தூக்கம் மறைத்துவிடுகிறது. வைத்தியர் பார்த்து அனுப்பியவரைத் தாராளமாகத் தூங்க விடலாம்; அவர் சொன்ன நேரப்படி எழுப்பி, பெயரும் இடமும் கேட்டு, கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தால் போதும். எழுப்பி எழாவிட்டால், தலைவலி ஏறிக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப வாந்தி வந்தால், நாக்கு குழறினால், ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாக விரிந்திருந்தால், வலிப்பு வந்தால், விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். விபத்து நடந்த இடத்தில் உடனே கோலி சோடா உடைத்து வாயில் ஊற்றும் நம் கருணையையும் கொஞ்சம் அடக்கிக்கொள்ளலாம். அரைமயக்கத்தில் இருப்பவருக்கு அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். 'குடித்திருக்கிறான், தெளிந்தால் எழுந்துவிடுவான்' என்று சாலையோரத்தில் கிடத்திவிட்டுப் போவது எல்லாவற்றிலும் கொடியது. சாராய வாடை உள்ள மனிதனுக்கும் மூளை உண்டு.

ஸ்கேன் விஷயத்துக்கு வருகிறேன். காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு கண்ட சி.டி. ஸ்கேன், 1971 அக்டோபரில் லண்டன் விம்பிள்டனில் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தது முதல் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. உடனே கத்தி வைத்தாக வேண்டிய ரத்தக் கட்டைக் கண்டுபிடிப்பதில் அதற்கு நிகரில்லை. 'ஸ்கேன் சுத்தம்' என்றால் அப்படிப்பட்ட கட்டு இந்த நேரத்தில் இல்லை என்று பொருள். தயிர் விண்டிருப்பதை, அதாவது லட்சக்கணக்கான நரம்பிழைகள் இழுபட்டு அறுந்திருப்பதை, அந்தப் படத்தில் பெரும்பாலும் பார்க்க முடியாது. மண்டை உடையாமல், ரத்தம் கட்டாமல், ஆனால் புத்தி மீளாமல் இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்த சபீனா ஸ்ட்ரிச் என்ற பெண்மணி, 1956-ல், வெண்பகுதி நெடுக நரம்பிழைகள் அழிந்திருந்ததை நுண்ணோக்கியில் கண்டு எழுதினார். அவை மிகக் கடுமையான காயங்கள். ஆயினும் லேசான காயத்திலும் இழைகளுக்கு நேர்வது அளவில் குறைந்த அதே துன்பம்தான் என்பது பிற்கால ஆராய்ச்சியாளர்களின் கருத்து. இத்தனைக்குப் பிறகும், ஸ்கேன் உறையைத் தூக்கிக் காட்டி, 'அதுதான் ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறதே, ஏன் நடிக்கிறாய்?' என்று நோயாளியை மடக்குகிற உறவினர்களுக்குக் குறைவில்லை.

"பத்து நாள் தாண்டிவிட்டது, இனிப் பயமில்லை" என்று நம்பிவிடக்கூடாது என்பது முதியவர்கள் இருக்கும் வீடுகளுக்கான எச்சரிக்கை. வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்குவதால், அதையும் உறையையும் இணைக்கும் சிறு நாளங்கள் இழுத்துக் கட்டிய கயிறு போலாகின்றன. காரில் ஒரு குலுக்கலில் அவற்றிலொன்று அறுந்து, வாரக்கணக்கில் கசிந்து, மூன்றாவது நாலாவது வாரத்தில் பெரியவர் தடுமாறி நடக்கத் தொடங்குகிறார், பேச்சு முன்னுக்குப் பின் முரணாகிறது. ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த அபாயம் அதிகம். வீட்டார் இதை முதுமை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மண்டையில் சிறு துளையிட்டு ரத்தத்தை வடித்தால் பலர் பழைய ஆளாகிவிடுகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய திட்டம் விபத்துக்குள்ளானவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவுக்குக் கைகொடுக்கிறது. மிக நல்ல காரியம். ஊமைக் காயத்துக்கு மட்டும் அந்தக் கெடிகாரம் தெரியாது.

என் அத்தானுக்கும் மூன்றாவது வாரம்தான் தெரிந்தது. கணக்கெழுதிப் பிழைப்பவர், ஒரு பக்கத்தின் கூட்டுத்தொகையை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகையில் வழியில் தொலைத்தார். மின்விசிறிச் சத்தத்துக்கு எரிந்து விழுந்தார். "உனக்கு என்ன செய்கிறது?" என்று யார் கேட்டாலும், "எனக்கு ஒன்றுமில்லை" என்றார், பொய்யென்று சொல்ல மாட்டேன். காலில் முள் தைத்தால் மூளை வந்து சொல்கிறது. மூளையிலேயே முள் தைத்தால் வந்து சொல்ல யார் இருக்கிறார்கள்? திருஷ்டி என்றார்கள், சோம்பல் என்றார்கள், இழப்பீட்டுக்காகப் போடும் வேஷம் என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். சாவியை ஐந்து தடவை கேட்ட சமாசாரத்தை ஆஸ்பத்திரியில் அன்றே சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுத வைத்திருந்தால் அவருக்கு நான் பதில் சொல்லியிருப்பேன். எனக்கோ அது சிரித்துவிட்டு மறந்துபோன சங்கதியாகிவிட்டது.

என் தமக்கை மறக்கவில்லை. ஒரு நாள் காலை, திரிந்துபோன பாலில் போட்ட காப்பியை அவர் முகம் சுளிக்காமல் குடித்து முடித்ததைப் பார்த்தவள், அன்று முதல் தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்புறத்தில் எழுதத் தொடங்கினாள்: 'மத்தியானம் மூன்று மணி வரை தூக்கம்.' 'கேஸ் அடுப்பு வாடை தெரியவில்லை என்கிறார்.' 'பேரனை அடிக்கக் கை ஓங்கினார், பிறகு அழுதார்.' நரம்பியல் வைத்தியர் முதலில் ஸ்கேன் உறையைத்தான் கையில் எடுத்தார். அவள் பைக்குள்ளிருந்து ரப்பர் வளையம் போட்ட அந்தத் தாள்கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவர் உறையைக் கீழே வைத்துவிட்டு, இருபத்திரண்டு தாள்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் படித்தார். மூக்கின் மேற்புறத்தில் சல்லடைபோன்ற எலும்பின் வழியாக மூளைக்குப் போகும் மெல்லிய வாசனை நரம்புகள் அந்தக் குலுக்கலில் அறுந்திருக்க வேண்டும் என்று விளக்கினார். இருட்டறையில் மாதக்கணக்காகப் படுக்கத் தேவையில்லை, வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொள்ளலாம், கார் மட்டும் தாம் சொல்லும் வரை ஓட்டக்கூடாது என்றார்.

எட்டு மாதத்தில் கணக்குத் திரும்பிவிட்டது. கோபமும் பழைய அளவுக்கு வந்துவிட்டது. வாசனை திரும்பவில்லை. காலையில் பால் பாக்கெட்டை வெட்டியதும் என் தமக்கை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் வைக்கிறாள்.