கார்கில் வழியாகப் போங்கள்

லடாக் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டு யோசனை கேட்கும் நண்பர்கள் முதலில் ஷூவைப் பற்றித்தான் கேட்பார்கள். எந்த வழியாக லேவுக்குப் போகிறீர்கள் என்று நான் அவர்களைக் கேட்பேன். லே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டெல்லியில் காலை விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் அங்கே இறங்கிவிடலாம்தான். மெரினாவிலும் ஈ.சி.ஆரிலும் ஓடிப் பழகிய உடம்பால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது.

காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கேயும் 21 சதவீதம்தான். அழுத்தம் குறைவதால், ஒரு மூச்சில் கிடைப்பது கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு இறங்கிவிடுகிறது. அந்த மாரத்தானிலேயே 72 கிலோமீட்டர் ஓடும் கர்துங் லா சேலஞ்சில் கர்துங் லா கணவாயின் உச்சியைத் தொடும்போது ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும்.

வழக்கமான தரைவழிப் பாதைகள் இரண்டு. மணாலி சாலையின் அழகுக்கு ஈடே இல்லை. ஆனால் 2,050 மீட்டரில் கிளம்பும் பலர் வழியில் இரவு தங்கும் சார்ச்சு 4,290 மீட்டரில் இருக்கிறது, அதாவது லேவையே விட உயரத்தில். மறுநாள் 5,000 மீட்டருக்கு மேலுள்ள தங்லங் லாவையும் கடக்க வேண்டும். ஓடப் போகிறவருக்கு இந்த வழியை நான் சொல்லவே மாட்டேன். பந்தயம் முடிந்து திரும்பும்போது ஆசை தீர அந்த வழியில் வாருங்கள்.

ஸ்ரீநகர் சாலை நம்மைப் படிப்படியாக ஏற்றிவிடும். 1,600 மீட்டரில் தொடங்கி, சோனமார்க்கில் சுமார் 2,700. அங்கே ஓர் இரவு. மறுநாள் 3,500 மீட்டர் சோஜி லாவைத் தாண்டி, த்ராஸ் வழியாகக் கார்கிலுக்கு இறங்கினால் மறுபடி 2,700க்குள் வந்துவிடுகிறோம். நீலகிரியின் தொட்டபெட்டா உச்சியும் ஏறத்தாழ இதே உயரம்தான். பகலில் மேலே ஏறிவிட்டு இரவில் கீழே இறங்கித் தூங்கு என்று மலையேறுபவர்கள் சொல்லும் விதியை இந்தச் சாலையே நமக்காகக் கடைப்பிடிக்கிறது. கார்கிலில் இரண்டு இரவாவது தங்குங்கள். காலையில் சுரு ஆற்றங்கரையில் மெதுவாக ஓடிப் பாருங்கள், கடைத்தெருவில் உலர்ந்த ஆப்ரிகாட் வாங்கிக்கொள்ளுங்கள்.

என்னுடன் வந்த நண்பருக்குக் கார்கிலில் தலைவலி வந்தது, சாப்பாடும் பிடிக்கவில்லை. மறுநாள் கிளம்புவதை ஒத்திவைத்தோம். எங்கள் காஷ்மீரி ஓட்டுநர் கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை. "தலை தெளியட்டும் பாய், சாலை எங்கேயும் போய்விடாது" என்றார். ஒருநாள் ஓய்விலேயே நண்பருக்குச் சரியாகிவிட்டது. அதனால் பயணத் திட்டத்தில் எப்போதும் ஒரு நாளைக் காலியாக விடுங்கள். சோஜி லாவில் மண்சரிவோ ராணுவ வண்டி வரிசையோ வழிமறித்தாலும் அந்த நாள்தான் கைகொடுக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ காத்திருக்கக் கூடாது. உடனே கீழே இறங்க வேண்டும், மருத்துவரிடம் போக வேண்டும்.

டயமாக்ஸ் மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுற்றுலாப் பயணிகள் பலர் அதைப் போட்டுக்கொண்டு மலையேறுகிறார்கள். அதிலுள்ள அசிட்டசோலமைடு, உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் இருக்கிறது. பந்தயத்துக்குப் போகிறவர் ஊரிலேயே மருத்துவரிடம் பேசி, விதியையும் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும். யாரோ நீட்டினார்கள் என்று வாங்கி விழுங்கக் கூடாது.

கார்கிலுக்குப் பிறகு 4,108 மீட்டரில் ஃபோட்டு லா. இந்தச் சாலையின் மிக உயரமான இடம் அதுதான். அங்கே அதிக நேரம் நிற்க வேண்டாம். லாமாயுரு மடாலயத்தைப் பார்த்துவிட்டு, நிம்முவில் சிந்துவும் சன்ஸ்காரும் கலக்கும் இடத்தைக் கண்ணாரக் கண்டுவிட்டு, மாலைக்குள் லேவை அடையலாம். நம்மூர் ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு எடுத்துப் போங்கள்.

லேவில் முதல் இரண்டு நாள் ஓடவே வேண்டாம். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்து திடுக்கிட்டு விழிக்க நேரலாம். பழகாத உயரத்தில் பலருக்கும் இப்படி நடக்கும், பயப்படாதீர்கள். துக்பா சூப் நிறையக் குடியுங்கள், தண்ணீரோடு உப்பும் உள்ளே போகும். அதன்பின் ஓடத் தொடங்கும்போது கடிகாரம் காட்டும் வேகத்தை மறந்துவிட்டு இதயத் துடிப்பை மட்டும் பாருங்கள். சென்னையில் ஓடும் வேகம் அங்கே வராது, வர வைக்கவும் கூடாது.

72 கிலோமீட்டர் ஓடுகிறவர்கள் பந்தயம் தொடங்கும் கர்துங் கிராமத்துக்குப் போகும் வழியிலேயே கர்துங் லா கணவாயை வண்டியில் கடப்பார்கள். உச்சியில் இறங்கிப் படமெடுக்கத் தோன்றும். அதை ஓடி வரும்போது வைத்துக்கொள்ளுங்கள். கிராமத்தில் சீக்கிரம் சாப்பிட்டுப் படுத்துவிடுங்கள், இருட்டிலேயே பந்தயம் தொடங்கிவிடும். உச்சி வரை ஏற்றத்தில் தேவைப்படும் இடங்களில் நடந்து போங்கள். அங்கிருந்து லே வரை நாற்பது கிலோமீட்டர் இறக்கம் இருக்கிறது, தொடைகளில் அதற்கான வலுவை மிச்சம் வைத்திருங்கள்.