வளர்ச்சிக் குறையுடையாரும் ஊரார் கடமையும்

கப்பர்நகூமில் நிகழ்ந்ததொரு செய்தியை மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் நாம் சிறு பருவந்தொட்டுக் கேட்டிருக்கின்றோம். திமிர்வாதக்காரன் ஒருவனை நால்வர் சுமந்து வந்தனர். வாயிலில் மக்கள் நெருக்கம், உட்புக வழியில்லை. அந்நால்வரும் கூரைமேல் ஏறி, அதனைப் பிரித்து, படுக்கையோடு அவனை இயேசுபெருமான் திருமுன் இறக்கினர். இதனைக் கேட்போர் பலரும் நோய் நீங்கிய வியப்பிலேயே நின்றுவிடுவர். கதையின் முதலையும் முடிவையும் உற்று நோக்குவார் சிலரே. தொடக்கத்தில் அவனைச் சுமக்க நால்வர் இருந்தனர். முடிவில் அவன் தன் வீட்டிற்குச் செல்லுமாறு பணிக்கப்பட்டான்.

நோய் நீங்காதவிடத்து என் செய்வது? பிறவியிலோ இளமையிலோ தோன்றி வாழ்நாள் முழுதும் உடனிருக்கும் குறையுடைய ஒருவனுக்கு அந்நால்வர் யாவர்? அவன் செல்லவேண்டிய வீடு யாது? பெற்றோர் உயிரோடிருக்குங்காறும் விடை எளிது. "எமக்குப்பின் இவனைக் காப்பார் யார்?" என்று அப்பெற்றோர் இரவில் விழித்திருந்து கேட்கும் வினாவிற்கோ விடை எளிதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகள் அவ்வினாவிற்கு விடை காண முயன்று, நெடுநாள் தவறிப் பின் ஒருவாறு திருந்தின. அவ்வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் பெயரை வரையறுத்துக்கொள்வோம். வளர்ச்சிக் குறைபாடு என்பது ஒரு தனி நோயின் பெயரன்று. பலவற்றை ஒருங்கே சுட்டும் சட்டச் சொல். அறிவு வளர்ச்சிக் குறை, மூளை முடக்குவாதம், ஆட்டிசம் முதலியன இதனுள் அடங்கும். அந்நாட்டுச் சட்டம் இச்சொல்லை 1970-ஆம் ஆண்டில் முதன்முதல் ஆண்டது. இன்றுள்ள வரையறையின்படி, குறை 22 வயதிற்கு முன் தோன்றியதாயும் நீடித்து நிற்பதாயும் இருத்தல் வேண்டும். மேலும், தன்னைப் பேணல், மொழி, கற்றல், நடமாட்டம், தானே முடிவு செய்தல், தனித்து வாழ்தல், பொருளீட்டித் தன்னைத் தாங்குதல் என்னும் ஏழனுள் மூன்றிலேனும் அது பெருந்தடையாதல் வேண்டும். இவ்வரையறையில் நோயின் பெயரினும், ஒருவர் வாழ்க்கைக்கு வேண்டப்படும் துணையே முதன்மை பெற்று நிற்றல் காண்க.

இனி வரலாற்றிற்குச் செல்வோம். 1848-ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், சாமுவேல் கிரிட்லி ஹவ் என்னும் மருத்துவரின் முயற்சியால், அறிவு வளர்ச்சி குன்றிய சிறார்க்கென அரசு பொருளுதவியுடன் ஒரு பள்ளி தோன்றியது. பிரான்சு நாட்டில் இத்தகைய சிறார்க்குக் கற்பித்துப் புகழெய்திய எட்வர்ட் செகுயின் என்பாரும் அக்காலத்தையொட்டி அமெரிக்காவிற் குடியேறினார். இச்சிறாரால் கற்கவே இயலாது என்று உலகம் கருதிய நாளில், இயலும் என்று காட்டியது இவர்தம் பெருமை. சில ஆண்டுகள் கற்பித்து, கற்றோரை அவரவர் வீட்டிற்கே திருப்பி அனுப்புவது அவர்கள் கருத்தாயிருந்தது.

ஆயின் நிகழ்ந்தது வேறு. கற்றுத் திரும்பியோர்க்கு ஊரில் வேலையும் துணையும் இல்லை. ஆகலின் பள்ளிகள் மெல்ல மெல்ல வாழ்நாட் காப்பகங்களாயின. நகரத்தினின்றும் விலகி, பரந்த நிலங்களில், நூற்றுக்கணக்காகவும் பின் ஆயிரக்கணக்காகவும் மக்களைக் கொண்டன. ஒரே வகைக் குறையுடையாரை ஓரிடத்திற் பெருந்தொகையாகத் திரட்டி வைத்தல் தீது என்றும், அவர்கள் மற்றையோர் நடுவே வாழ்தல் வேண்டும் என்றும் ஹவ் தாமே 1866-ஆம் ஆண்டில் எச்சரித்தார். இத்தகைய நிலையங்களைத் தோற்றுவித்தவரே கூறிய இவ்வெச்சரிக்கையைச் செவிக்கொண்டார் இலர்.

அதனினும் கொடிய காலம் ஒன்று பின்னர் வந்தது. குறையுடையார் பெருகினால் இனம் கெடும் என்னும் ஒரு போலி அறிவியல் கற்றோரையும் மயக்கியது. 1907-ஆம் ஆண்டில் இந்தியானா மாநிலம் அத்தகையோர்க்கு மகப்பேறின்றிச் செய்யும் கட்டாய அறுவைக்குச் சட்டம் வகுத்தது. 30-க்கு மேற்பட்ட மாநிலங்கள் அதனைப் பின்பற்றின. 1927-இல் விர்ஜீனியாவின் சட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சரியென்று தீர்த்தது. அவ்வழக்கில் அறுவைக்கு உள்ளான கேரி பக் என்னும் இளம்பெண் அறிவிற் குறையற்றவள் என்பது பிற்கால ஆராய்ச்சியாற் புலனாயிற்று. இத்தகைய சட்டங்களால் 60,000-க்கு மேற்பட்டோர் மகப்பேறு இழந்தனர். கல்வி முதிர்ந்தோர் தவறு செய்யார் என்று எண்ணும் மாணவராகிய நாம் இதனை மறவாதிருத்தல் நன்று. அத்தீர்ப்பை எழுதியவர் அந்நாட்டின் தலைசிறந்த நீதிபதிகளுள் ஒருவராக மதிக்கப்பட்ட ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ்.

இவ்விருளில் முதன்முதல் வாய்திறந்தோர் பெற்றோரே. சீன நாட்டில் ஊழியம் செய்த மிஷனரிமாரின் மகளாய், அங்கே வளர்ந்து, 1938-இல் இலக்கியத்திற்கான நோபெல் பரிசு பெற்ற பேர்ல் பக் அம்மையாரை நம்மிற் பலர் அறிவர். அவர் மகள் கேரல் அறிவு வளர்ச்சி குன்றியவள். அம்மையார் 1929-இல் அவளை நியூஜெர்சியிலுள்ள ஒரு பயிற்சிப் பள்ளியிற் சேர்த்தார். பல ஆண்டுகள் அவளைப்பற்றி உலகிற்கு ஒன்றும் கூறாதிருந்தார். 1950-இல் தம் துயரை ஒளியாது எழுதி வெளியிட்டபோது, தத்தம் பிள்ளைகளை மறைத்து வைத்திருந்த பெற்றோர் பலர்க்கு நாணம் நீங்கியது. கேரலின் குறைக்குக் காரணம் உடலில் ஒருவகைப் புரதக்கூறு சிதையாது தங்குதல். இன்று பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்து அதனைக் கண்டறிந்து, உணவு முறையாலேயே குறை வாராது தடுக்கின்றனர்.

அதே 1950-ஆம் ஆண்டில் பெற்றோர் மின்னியாபொலிஸ் நகரிற் கூடி நாடளாவிய சங்கம் ஒன்றை நிறுவினர். குடியரசுத் தலைவர் கென்னடியின் தங்கை ரோஸ்மேரியும் அறிவு வளர்ச்சிக் குறையுடையவர். 1941-இல் செய்யப்பட்ட மூளை அறுவை ஒன்றால் அவர் நிலை மேலும் சீர்கெட்டது. 1962-இல் அவர்தம் தங்கை யூனிஸ் இக்குறையை ஒரு பத்திரிகையில் வெளிப்பட எழுதினார். அடுத்த ஆண்டு, 1963 அக்டோபரில், கென்னடி இத்துறையில் இரு சட்டங்களுக்குக் கைச்சாத்திட்டார். ஏழையின் குடிசையிலும் தலைவரின் மாளிகையிலும் இக்குறை தோன்றும் என்பது அன்று நாடறிந்த செய்தியாயிற்று.

ஆயினும் காப்பகங்கள் குறையவில்லை. 1967-இல் மாநிலக் காப்பகங்களில் இருந்தோர் தொகை ஏறத்தாழ 1,95,000. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவிலிருந்த வில்லோபுரூக் காப்பகம் அவற்றுட் பெரியது. 4,000 பேர்க்கெனக் கட்டப்பட்ட அதில் 1965-இல் 6,000-க்கு மேற்பட்டோர் அடைபட்டிருந்தனர். உடையின்றியும், பணிவிடை செய்வார் இன்றியும், தம் அழுக்கிலேயே கிடந்த சிறாரை 1972-இல் தொலைக்காட்சி வழியே நாடு கண்டு நடுங்கியது. பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 1975-இல் ஏற்பட்ட உடன்பாட்டுத் தீர்ப்பின்படி அங்கிருந்தோர் சிறிது சிறிதாக ஊர்களிலுள்ள சிறு வீடுகளுக்கு மாற்றப்பட்டனர். 1987-இல் வில்லோபுரூக் மூடப்பட்டது.

நிற்க. இத்துணைக் கொடுமை வெளிப்பட்ட பின்னும் மாற்றம் விரைந்து நிகழாமைக்குக் காரணம் என்னை? கொடியோர் இருந்தமை மட்டும் காரணமன்று. பொருள் செல்லும் வழியும் காரணமாம். வறியார்க்கு மருத்துவம் அளிக்கும் மெடிக்கெய்ட் என்னும் திட்டம் 1965-இல் தோன்றியது. 1971 முதல் அது காப்பகச் செலவிற்கும் பணம் தந்தது. அதே மகனைப் பெற்றோர் தம் வீட்டில் வைத்துப் பேணினால் அப்பணம் பெரும்பாலும் கிட்டாது. எனவே, பணம் தங்குமிடத்திலேயே மனிதனும் தங்க வேண்டியதாயிற்று. அயோவா மாநிலத்துச் சிறுமி கேட்டி பெக்கெட்டின் செய்தி இதனைத் தெளிவிக்கும். மூளை அழற்சியால் மூச்சுக் கருவியின் துணை வேண்டிய அவளை வீட்டில் வைத்துப் பேணல் கூடும் என்றும், அதற்கு ஆகும் செலவு குறைவு என்றும் அறிந்திருந்தும், வீடு திரும்பினால் உதவி நின்றுவிடும் என்பதால் அவள் மருத்துவமனையிலேயே வளர நேர்ந்தது. 1981-இல் குடியரசுத் தலைவர் ரீகன் இம்முறைகேட்டை எடுத்துரைக்க, விதி தளர்ந்து அவள் வீடு சேர்ந்தாள். அவ்வாண்டிலேயே, மாநிலங்கள் விரும்பினால் காப்பகத்திற்குரிய பணத்தை வீட்டிலும் ஊரிலும் செலவிடலாம் என்னும் விதிவிலக்குச் சட்டமும் இயற்றப்பட்டது. பெருங்கட்டடங்களிலிருந்து மக்களை வீட்டிற்குக் கொணர்ந்தவற்றுள் இவ்விதிவிலக்கு முதன்மையானது.

அங்ஙனம் ஊரில் வாழ்வார்க்கு வேண்டும் துணைகள் யாவை? கலிபோர்னியா மாநிலத்தின் 1969-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அச்சட்டத்தின்வழி 21 வட்டார நிலையங்கள் இயங்குகின்றன. ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே ஒரு வாழ்க்கைத் திட்டம், அவரையும் அவர் குடும்பத்தாரையும் கலந்து வகுக்கப்படுகின்றது. ஒருவர்க்குப் பேச்சுப் பயிற்சி வேண்டும். மற்றொருவர்க்குப் பேருந்தேறிச் செல்லக் கற்பிப்பார் வேண்டும். வேறொருவர்க்குத் தொழிற்சாலையில் முதற்சில திங்கள் அருகிருந்து வேலை பழக்குவார் வேண்டும். பேணிச் சோர்ந்த தாய்க்குச் சிலநாள் ஓய்வளிக்க மாற்றாள் வருவதும் இத்துணைகளுள் ஒன்று. இவை இரந்து பெறும் உதவிகளல்ல. சட்டம் அளித்த உரிமை. 1975-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் இவ்வாறே, எக்குறையுடைய பிள்ளையையும் பொதுப்பள்ளி திருப்பி அனுப்புதல் ஆகாது என விதித்தது.

1991-இல் நியூ ஹாம்ப்சையர் தன் காப்பகத்தை மூடி, வளர்ச்சிக் குறையுடையார்க்கு அரசு காப்பகம் இல்லாத முதல் மாநிலமாயிற்று. பின் 1999-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. ஜார்ஜியாவைச் சேர்ந்த லோயிஸ் கர்ட்டிஸ், எலேன் வில்சன் என்னும் இரு பெண்கள், ஊரில் வாழத் தக்கவர் என மருத்துவரே கூறிய பின்னும் மருத்துவமனையில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தனர். தகுந்த காரணமின்றி ஒருவரை ஒதுக்கி அடைத்து வைத்தல் வேற்றுமை பாராட்டலே என்று நீதிமன்றம் தீர்த்தது. லோயிஸ் கர்ட்டிஸ் பின்னர் ஓவியராய் வாழ்ந்தார், 2011-இல் குடியரசுத் தலைவர் ஒபாமாவிற்குத் தம் ஓவியம் ஒன்றைத் தந்தார், 2022-இல் மறைந்தார். அவரை அடைத்து வைத்திருந்த நாளில் அக்கையில் ஓவியம் உண்டென்று அறிந்தோர் எத்துணையர்?

இனி மறுப்புரையையும் கேட்டல் முறையாகும். காப்பகங்கள் மூடப்பட்டபோது எதிர்த்தோருள் பெற்றோரும் இருந்தனர். அவர்கள் அன்பில்லாதவரல்லர். காப்பகம் தீதாயினும் தமக்குப்பின் நிலைத்து நிற்கும் என நம்பினர். ஊர் நிலைத்து நிற்கும் என நம்ப அவர்கட்குச் சான்றில்லை. அவ்வச்சம் வீணன்று. காப்பக உதவி சட்டப்படி கட்டாயமாகவும், வீட்டுத்துணை மாநிலத்தின் விருப்பமாகவும் அமைந்தமையால், இன்றும் அந்நாட்டில் பல இலட்சம் பேர் துணைக்குக் காத்திருக்கும் பட்டியலில் உள்ளனர். துணை செய்யும் பணியாளர்க்குக் கூலி குறைவு. ஆகலின் அவர்கள் நிலைத்திருப்பதில்லை. ஒருவரை நன்கறிந்த பணியாளர் அகன்று, பேச்சின் குறிப்பறியாப் புதியவர் வருவாராயின், பேச இயலாத ஒருவர்க்கு அஃது எத்துணைத் துன்பம்! சிறு வீடாயினும், உண்ணும் நேரமும் உறங்கும் நேரமும் பிறரே முடிவு செய்வாராயின் அதுவும் ஒரு காப்பகமே. ஆகவே, பெருங்கட்டடத்தை மூடுதல் பாதி வேலையே. மூடியதனால் மீந்த பொருளும் ஆளும் அம்மனிதனைப் பின்தொடர்ந்து அவன் வீட்டிற்குச் செல்லுதல் மற்றைப் பாதி.

இக்கொள்கை நமக்கும் அயலதன்று. அத்தீர்ப்பு வந்த 1999-ஆம் ஆண்டிலேயே இந்திய நாடாளுமன்றம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறை, பல்வகைக் குறை ஆகியவற்றை உடையார் நலத்திற்கெனத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தை இயற்றியது. இவர்கள் தம் சமுதாயத்தினுள்ளும் அதனருகிலும் இயன்றவரை தாமே முழுமையாக வாழத் துணைசெய்தல் அதன் நோக்கங்களுள் முதலாவது. பெற்றோர் மறைந்தபின் காப்பு அமைதற்கும் அச்சட்டத்தில் வழியுண்டு. 2007-இல் இந்தியா ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகள் அவையின் உடன்படிக்கை, 19-ஆம் பிரிவில், யாருடன் எங்கே வாழ்வது எனத் தெரிந்துகொள்ளும் உரிமையை இவர்கட்கு உரைக்கின்றது. சட்டம் எழுதப்பட்டுவிட்டது, சுமக்கும் கைகளே வேண்டும்.

வில்லோபுரூக் காப்பகம் நின்ற நிலத்தில் இன்று ஒரு கல்லூரி நடைபெறுகின்றது. நம்மைப்போன்ற மாணவர் அங்கே நூல்களைக் கையில் ஏந்தி உலவுகின்றனர். நம் கல்லூரி வாயிலுக்கு வெளியேயும் ஏதேனும் ஒரு தெருவில், திருமணத்திற்கோ திருக்கோயிலுக்கோ செல்லாது, வளர்ந்த மகனொருவனைத் தனியே விடவியலாமையால் வீட்டோடு தங்கிவிட்ட தாய் ஒருத்தி இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் அவனோடு அமர்ந்திருக்க நம்மால் இயலும். அதற்குக் கூரையைப் பிரிக்க வேண்டுவதில்லை. கதவைத் தட்டினாற் போதும்.