படம் நகர மாட்டேன் என்கிறதா? பணம் போடும் முன் இதையெல்லாம் பார்!

தங்கச்சி, நேற்று ராத்திரி நீ போனில் சொன்னது காதிலேயே நிற்கிறது. “அக்கா, பிரஷ்ஷை இழுத்தா கோடு ரெண்டு செகண்ட் கழிச்சுத்தான் வருது. ஒரு ஷீட்டை சேவ் பண்ணிட்டு டீ போட்டுக் குடிச்சுட்டே வந்துடலாம். வளையலை அடகு வெச்சு புது சிஸ்டம் வாங்கிடட்டுமா?” முகூர்த்த மாதம், கையில் நாற்பது ஷீட் கல்யாண ஆல்பம், பெண் வீட்டாருக்குக் கொடுத்த தேதி. உன் அவசரம் புரிகிறது. ஆனாலும் வளையலைக் கழற்றுவதற்கு முன், அக்கா சொல்வதை வரிசையாகச் செய்து பார். ஃபோட்டோஷாப்பும் லைட்ரூமும் மெதுவாவதற்கு எப்போதும் ஏதோ ஒரு இடத்தில் அடைப்பு இருக்கும். அந்த இடம் தெரியாமல் செலவழித்தால் காசு போகும், அடைப்பு அப்படியே இருக்கும்.

1. எங்கே அடைக்கிறது என்று பார்

ஃபோட்டோஷாப்பில் வழக்கமான வேலையைச் செய்துகொண்டே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்து. டாஸ்க் மேனேஜர் திறக்கும். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டினால் ரேம் போதவில்லை. டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால் ஹார்டு டிஸ்க் திணறுகிறது. இரண்டும் சாதாரணமாக இருந்தும் படம் திக்கினால், கிராஃபிக்ஸ் டிரைவர் மேல் சந்தேகப்படலாம். பின்னால் இருபது டேபோடு பிரவுசர் திறந்து கிடக்கிறதா என்பதும் இங்கேயே தெரிந்துவிடும். வேலை நேரத்தில் அதை மூடிவை.

2. எஃபிஷியன்ஸி எண்ணைப் பழகிக்கொள்

ஃபோட்டோஷாப்பில் படத்தின் கீழ் ஓரத்தில் ஃபைல் அளவு தெரியும் அல்லவா? அதன் பக்கத்து அம்புக்குறியைத் தட்டி ‘எஃபிஷியன்ஸி’யைத் தேர்ந்தெடு. 100 சதவீதம் என்றால் வேலை முழுக்க ரேமிலேயே நடக்கிறது. அதற்குக் கீழே இறங்கினால் ரேமில் இடமில்லாமல் டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கிறது என்று அர்த்தம். டிஸ்க் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் ரேமுக்கு ஈடாகாது. நாள் முழுக்க இந்த எண் 100-லேயே நின்றால், கூடுதல் ரேம் வாங்கிப் பெரிய பலன் இருக்காது.

3. சி டிரைவில் மூச்சு விட இடம் கொடு

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். தொழில் ஆரம்பித்த புதிதில் சிஸ்டம் நகரவே மாட்டேன் என்றது. யாரோ சொன்னார்கள் என்று சீட்டு எடுத்த பணத்தில் கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. பிறகுதான் பார்த்தேன், சி டிரைவில் மிச்சம் இருந்தது 3 ஜிபி. பழைய ஆல்பங்கள் எல்லாம் டெஸ்க்டாப்பிலேயே குவிந்து கிடந்தன. அவற்றை வெளி டிரைவுக்கு மாற்றிய அன்றே வேலை ஓடியது.

ரேம் போதாதபோது ஃபோட்டோஷாப் பயன்படுத்தும் இடத்துக்கு ‘ஸ்க்ராட்ச் டிஸ்க்’ என்று பெயர். நீ மாற்றாத வரை அது சி டிரைவில்தான் இருக்கும். பிரிஃபரன்ஸஸில் ஸ்க்ராட்ச் டிஸ்க்ஸ் பகுதிக்குப் போய், இருப்பதில் வேகமான, நிறைய இடம் காலியாக உள்ள எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடு. எந்த டிரைவானாலும் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும்.

இன்னொன்று. பென் டிரைவிலிருந்தோ மெமரி கார்டிலிருந்தோ ஃபைலை நேரடியாகத் திறந்து வேலை செய்யாதே. 1 ஜிபி ஃபைலைப் படிக்க, யுஎஸ்பி 2.0 வழியாக அரை நிமிஷம் ஆகும். சாதாரண ஹார்டு டிஸ்க்குக்கு பத்து செகண்ட் வரை போகும். சாட்டா எஸ்எஸ்டிக்கு இரண்டு மூன்று செகண்ட் போதும். முதலில் எஸ்எஸ்டியில் காப்பி செய், அப்புறம் திற.

4. ஷீட்டின் எடையைக் கணக்குப் போடு

நாம் போடும் 12க்கு 36 இன்ச் ஷீட், 300 டிபிஐயில் 10,800க்கு 3,600 பிக்சல். கிட்டத்தட்ட நாலு கோடி பிக்சல். 8 பிட்டில் ஒரே ஒரு முழு லேயர் மெமரியில் சுமார் 111 எம்பி பிடிக்கும். 16 பிட்டுக்கு மாற்றினால் அது இரண்டு மடங்கு. பத்து முழு லேயர் வைத்தால் ஒரு ஷீட்டே 1 ஜிபியைத் தாண்டிவிடும். நீ ஒரே நேரத்தில் ஆறு ஷீட் திறந்து வைக்கிறாய். 8 ஜிபி ரேம் எப்படித் தாங்கும்?

அதனால் ஒரு நேரத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு ஷீட். நிறத்தையும் வெளிச்சத்தையும் மாற்ற லேயரை டூப்ளிகேட் செய்யாமல் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போடு. அது ரொம்ப லேசானது. ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக வைத்த ஒவ்வொரு படமும் தன் முழு ஒரிஜினலையும் உள்ளே சுமந்துகொண்டிருக்கும். வீட்டார் பார்த்துச் சரி என்ற பிறகு ஒரு காப்பி எடுத்து வைத்துவிட்டு, மற்றதை ராஸ்டரைஸ் செய். முகூர்த்தம், ரிசப்ஷன் என்று சடங்குவாரியாகத் தனித்தனி ஃபைலாகப் பிரித்துக்கொண்டாலும் பாரம் குறையும்.

5. மூன்று செட்டிங்கை மாற்று

பிரிஃபரன்ஸஸில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைத் திற. ஃபோட்டோஷாப்புக்கு ஒதுக்கிய மெமரி வழக்கமாக 70 சதவீதம் இருக்கும். வேறு புரோகிராம் திறக்காமல் வேலை செய்வாயானால் 80 வரை ஏற்று. 85-ஐத் தாண்டாதே, விண்டோஸுக்கே மூச்சு முட்டும். அடுத்து ஹிஸ்டரி ஸ்டேட்ஸ். வழக்கமாக 50 இருக்கும், 20 போதும். பின்னால் போக எத்தனை படி வைத்திருக்கிறாயோ, அத்தனைக்கும் அது மெமரியைப் பிடித்து வைக்கும். மூன்றாவது, சேவ் ஆகும் நேரம். ஃபைல் ஹேண்ட்லிங்கில் பிஎஸ்டி கம்ப்ரஷனை நிறுத்தும் டிக் இருக்கிறது. அதைப் போட்டால் சேவ் சட்டென்று முடியும். ஆனால் ஃபைல் பெரிதாகும், இடம் இருந்தால் மட்டும் செய்.

வேலையின் நடுவே திணறினால் எடிட் மெனுவில் ‘பர்ஜ் ஆல்’ கொடுக்கலாம். அதற்குப் பிறகு அன்டூ செய்ய முடியாது, ஞாபகம் வைத்துக்கொள்.

6. ஃபான்ட் மூட்டையை அவிழ்

நம் ஊரில் டிசைன் வேலை செய்பவர் யார் சிஸ்டத்தைத் திறந்தாலும் ஆயிரக்கணக்கில் ஃபான்ட் இருக்கும். பாமினி காலத்துப் பழைய தமிழ் ஃபான்டுகள், நண்பர்கள் கொடுத்த சிடி, யாரோ அனுப்பிய ஜிப் என்று எல்லாவற்றையும் இன்ஸ்டால் செய்துவைப்போம். ஃபோட்டோஷாப் திறக்கும்போது அத்தனையையும் படிக்க வேண்டும். டைப் டூலை எடுத்ததும் ஹேங் ஆனால் பெரும்பாலும் காரணம் இதுதான். அடிக்கடி எடுக்கும் முப்பது நாற்பதை வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒரு ஃபோல்டரில் போட்டுவை. வேண்டும்போது இன்ஸ்டால் செய்துகொள்ளலாம். டைப் மெனுவில் ஃபான்ட் பிரிவ்யூ அளவை ‘நன்’ என்று வை, லிஸ்ட் உடனே திறக்கும்.

7. லைட்ரூமுக்குத் தனி வைத்தியம்

மூவாயிரம் ரா படத்தை எடிட் செய்யும்போது ஒவ்வொன்றுக்கும் ‘லோடிங்’ என்று நின்றால் மனசே வெறுத்துப்போகும். இம்போர்ட் செய்யும்போதே ஸ்மார்ட் பிரிவ்யூ உருவாக்கச் சொல்லிவிட்டுப் படுக்கப் போ. நீளப் பக்கம் 2,560 பிக்சல் இருக்கும் சின்ன நகல் அது. பெர்ஃபார்மன்ஸ் செட்டிங்கில், எடிட்டுக்கு ஒரிஜினலுக்குப் பதில் ஸ்மார்ட் பிரிவ்யூ பயன்படுத்தும் டிக்கைப் போடு. ஒரிஜினல் இணைந்திருந்தால் எக்ஸ்போர்ட் முழுத் தரத்திலேயே வரும். ஷார்ப்னஸ் பார்க்கும்போது மட்டும் அந்த டிக்கை எடுத்துவிடு.

கேமரா ரா கேஷை 20 ஜிபி ஆக்கு. கேட்டலாகை எஸ்எஸ்டியில் வை. மாதம் ஒருமுறை ஃபைல் மெனுவில் ‘ஆப்டிமைஸ் கேட்டலாக்’ கொடு. பரு, கறை என்று ஒரே முகத்தில் ஐம்பது இடத்தில் ஹீல் செய்யாதே. ஒவ்வொன்றையும் லைட்ரூம் திரும்பத் திரும்பக் கணக்குப் போடும். அந்த வேலைக்கு ஃபோட்டோஷாப்தான் சரி.

8. கிராஃபிக்ஸ் கார்டைச் சோதித்துப் பார்

ஜூம் செய்தால் கட்டம் கட்டமாகத் தெரிகிறதா? ஸ்கிரீன் கறுப்பாகிறதா? பெர்ஃபார்மன்ஸில் ‘யூஸ் கிராஃபிக்ஸ் பிராசஸர்’ டிக்கை எடுத்துவிட்டு ஃபோட்டோஷாப்பை மூடித் திற. சரியானால் குற்றம் டிரைவரில் இருக்கலாம். கார்டு செய்த கம்பெனியின் தளத்திலிருந்து புது டிரைவரைப் போட்டுவிட்டு டிக்கைத் திரும்பக் கொடு. அப்படியே விட்டுவிடாதே. லிக்விஃபை, ஏஐ டீநாய்ஸ் போன்றவை கார்டை நம்பித்தான் ஓடுகின்றன.

9. சூட்டைக் கவனி

காலையில் நன்றாக ஓடி மதியம் மெதுவாகிறதா? அது சூடு. பிராசஸர் அளவுக்கு மீறிச் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைக்கும். லேப்டாப்பை மெத்தையில் வைக்காதே, காற்றுத் துளை அடைபடும். வருஷம் ஒருமுறை ஃபேனில் படிந்த தூசியைச் சுத்தம் செய்யக் கொடு. எக்ஸ்போர்ட் போடும்போது சார்ஜர் சொருகி இருக்கட்டும். பேட்டரியில் ஓடும்போது வேகம் குறையும்.

10. கிராக் வெர்ஷன் வேண்டாம்

இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். உடைத்த மென்பொருளோடு என்னென்ன உள்ளே வரும் என்று யாருக்கும் தெரியாது. உன் சிஸ்டத்தையே பின்னணியில் வேறு யாருக்கோ உழைக்க வைக்கும் புரோகிராம்கூட வரலாம். வாடிக்கையாளர் வீட்டுப் பெண்களின் படங்கள் உன்னிடம் இருக்கின்றன, அந்தப் பொறுப்பு பெரிது. சந்தா கட்ட முடியாத மாதத்தில் ஜிம்ப், டார்க்டேபிள் இரண்டும் இலவசம், நாணயமானவை.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய். ஒரே ஷீட்டைத் திறக்க எத்தனை செகண்ட், சேவ் ஆக எத்தனை செகண்ட் என்று முன்னும் பின்னும் நோட்டில் எழுது. இத்தனைக்குப் பிறகும் போதவில்லை என்றால் வாங்கத்தான் வேண்டும். அப்போதும் வரிசை இதுதான்: இன்னும் ஹார்டு டிஸ்க்கில் ஓடுகிறாய் என்றால் முதலில் எஸ்எஸ்டி, பிறகு 16 ஜிபி ரேம், கடைசியாக கிராஃபிக்ஸ் கார்டு. முதல் இரண்டுக்கே புது சிஸ்டத்தின் விலையில் சின்னப் பங்குதான் ஆகும்.

இன்று ராத்திரி முதல் மூன்றையும் முடித்துவிடு. எஃபிஷியன்ஸி எண்ணையும், சி டிரைவில் மிச்சம் எவ்வளவு என்பதையும் எனக்கு அனுப்பு. அதைப் பார்த்த பிறகு வளையலைப் பற்றிப் பேசுவோம்.