படுதாவுக்குப் பின்னால் நிற்கப் போகும் மகளுக்கு

ஸ்ரீவைகுண்டம்

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாடக மன்றத்தில் சேரப் போனதையும், அங்கே உனக்கு வேஷம் தராமல், படுதாவுக்குப் பின்னால் நின்று மறந்த வசனத்தை எடுத்துக் கொடுக்கும் பிராம்ப்ட் வேலையைப் பண்ணச் சொன்னதையும் எழுதியிருந்தாய். "காசும் கிடையாது, முகமும் தெரியாது, இதற்கு எதற்குப் போகணும் என்று வீட்டில் கேட்கிறார்கள் ஐயா, எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை" என்று முடித்திருந்தாய். வீட்டார் கேட்டதில் தவறில்லை. மகள் ராத்திரி எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்ற கவலை அவர்களுக்கு. எனக்குக் கோபம் வருவது படித்தவர்கள் மேல்தான். "அமெச்சூர் நாடகம்தானே, நாலு பேர் சாயங்காலப் பொழுதைப் போக்குகிறார்கள்" என்று இந்த ஊரிலேயே பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். தமிழ் நாடகத்தின் வரலாற்றை ஒரு பக்கம்கூடப் புரட்டாதவர்கள் சொல்லும் பேச்சு அது. நீயும் அதை நம்பிவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

1891 என்ற ஆண்டை மனத்தில் வைத்துக்கொள். அந்த ஓர் ஆண்டில் மூன்று காரியங்கள் நடந்தன. திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' அச்சாகி வந்தது. தூத்துக்குடிக்குப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்து, தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த சங்கரதாஸ் சுவாமிகள், தம் இருபத்து நான்காம் வயதில் அந்த வேலையை விட்டு நாடகத்துக்குப் போனார். சென்னையில் பதினெட்டே வயதான பம்மல் சம்பந்த முதலியார் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, ஜூலை முதல் தேதி சுகுண விலாச சபையைத் தொடங்கினார்.

இந்த மூன்றையும் தற்செயல் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. நான் ஒதுக்க மாட்டேன். ஒருவர் பேராசிரியர், ஒருவர் உப்புக் கணக்கர், ஒருவர் மாணவர். மூவரில் எவரும் நாடகக் குடும்பத்தில் பிறந்தவர் இல்லை. கூத்துக் குழுவில் வளர்ந்தவரும் இல்லை. நாடகத்துக்கு வெளியே நின்றவர்கள்தான் ஆசை மிகுதியால் உள்ளே வந்து புதிய தமிழ் நாடகத்தை உண்டாக்கினார்கள். பின்னால் சங்கரதாஸ் சுவாமிகள் அதையே பிழைப்பாகக் கொண்டார், சம்பந்த முதலியார் கடைசிவரை அமெச்சூராகவே இருந்தார். அது பிந்திய கதை. புறப்பட்ட இடம் எல்லோருக்கும் ஒன்றுதான். அமெச்சூரை அரைகுறை என்று சொல்பவர் இந்த மூவரையும் சேர்த்தே சொல்கிறார்.

சுந்தரம் பிள்ளை எழுதியது படிப்பதற்கான கவிதை நாடகம். நம் பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்கே அவர் பெயர்தான் இருக்கிறது. அவரைப் பற்றி உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்ற இருவரிடம் வருகிறேன்.

சம்பந்த முதலியாருக்கு முதலில் தமிழ் நாடகத்தின் மேல் மதிப்பே கிடையாது. அந்த ஆண்டில் பெல்லாரி கிருஷ்ணமாச்சார்லு தம் சபையோடு சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் போட்டார். அவர் வழக்கறிஞர், அவரோடு நடித்தவர்களும் படித்து உத்தியோகம் பார்த்தவர்கள். கௌரவமானவர்கள் மேடை ஏறலாம், ஏறி நன்றாகவும் செய்யலாம் என்பதைப் பார்த்த பிறகே சம்பந்தம் தமிழில் ஒரு சபை வேண்டும் என்று கிளம்பினார். அவர் எழுதிய 'நாடக மேடை நினைவுகள்' நூலைக் கல்லூரி நாளில் வாசிக்கத் தொடங்கினேன். இன்றும் அவ்வப்போது எடுத்துப் பார்க்கிறேன். ஒத்திகைக்கு யார் வந்தார், வேஷத்துக்காக யார் யாரோடு முறைத்துக்கொண்டார், சீன் எப்படி வாங்கினார்கள், வசூல் என்ன ஆயிற்று என்று ஒன்று விடாமல் எழுதியிருக்கிறார். நடிப்பைப் பற்றிப் பெரிய பேச்சு பேசும் நூல்களைவிட இந்தச் சின்ன விவரங்களில்தான் நாடகம் இருக்கிறது. உன் மன்றத்தில் இன்று நடக்கும் சண்டைகள் எல்லாம் அதில் முன்னாலேயே வந்துவிட்டன. நூலகத்தில் கிடைத்தால் முதல் பாகத்தையாவது வாசி.

ராத்திரி தொடங்கி விடியும்வரை பாட்டாகவே ஓடிய நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கி, வசனத்துக்கு முதலிடம் கொடுத்தது அந்தச் சபையின் பெரிய வேலை. சம்பந்தத்தின் 'மனோகரா' சபையோடு நிற்கவில்லை. சம்பளம் வாங்கி நடித்த கம்பெனிகளும் அதை எடுத்துப் போட்டன. 1954இல் சிவாஜி கணேசன் நடித்துத் திரைப்படமாகவும் வந்தது. தொழில் மேடைக்கே சரக்குக் கொடுத்தது அமெச்சூர் மேடை. இன்னொன்றும் உனக்காகவே சொல்கிறேன். அந்தச் சபையில் பெண்கள் நடிக்கவில்லை. வழக்கறிஞரான ரங்கவடிவேலு முதலியார்தான் ஸ்திரீபார்ட் கட்டினார். அன்று அங்கே ஒரு பெண்ணுக்கு மேடையில் இடமில்லை. இன்று உன்னைக் கூப்பிட்டுப் பிரதியைக் கையில் தருகிறார்கள். அதைச் சிறிய இடம் என்று நினைக்காதே.

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள். 1914இல் தனுஷ்கோடி, தலைமன்னார் வழி திறக்கும்வரை, ரயிலில் வந்து கொழும்புக்குக் கப்பல் ஏறுகிறவர்களுக்குத் தூத்துக்குடிதான் வாசல். முத்தும் உப்பும் போன துறைமுகம் என்று மட்டும் நாம் பாடம் நடத்துகிறோம். அக்கரையோடு இருந்த நாடக உறவைப் பேசுவதில்லை. யாழ்ப்பாணத்துக் கலையரசு க. சொர்ணலிங்கம் சம்பந்த முதலியாரையே தம் குருவாகக் கொண்டவர். அவர் எழுதிய 'ஈழத்தில் நாடகமும் நானும்' என்ற நூலும் அமெச்சூர் மேடையின் கதைதான். கடல் தாண்டியும் போய் வேர் பிடித்த ஒன்றைப் பொழுதுபோக்கு என்று தள்ள எப்படி மனம் வருகிறது?

இனி நம் கடற்கரைக்காரர். சங்கரதாஸ் சுவாமிகள் முதலில் நடிகராகத்தான் இருந்தார். எமனும் சனீசுவரனும் அவர் கட்டிய பெயர்பெற்ற வேஷங்கள். அந்த வேஷத்தில் அவரைக் கண்ட பெண்கள் அதிர்ச்சி தாங்கவில்லை என்றும், அதில் மனம் நொந்து அவர் வேஷம் கட்டுவதை விட்டார் என்றும் சொல்வார்கள். அதன் பிறகுதான் அவர் முழு வாத்தியார் ஆனார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிப் பிள்ளைகளைப் பழக்கினார். அங்கே சிறுவனாகச் சேர்ந்த டி.கே. சண்முகம் பின்னால் 'எனது நாடக வாழ்க்கை'யில் தம் வாத்தியாரைப் பற்றி உருகி எழுதியிருக்கிறார். சண்முகத்துக்காகவே ஒரே ராத்திரியில் உட்கார்ந்து 'அபிமன்யு சுந்தரி'யை வசனமும் பாட்டுமாக எழுதி முடித்தாராம். 1922இல் புதுச்சேரியில் அவர் காலமானார். யோசித்துப் பார். அவர் எமனாக நின்றதைப் பார்த்த கண்கள் ஒன்றுகூட இன்று இல்லை. படுதாவுக்குப் பின்னால் அவர் எழுதிய பிரதியும் பழக்கிய பிள்ளைகளும்தான் தமிழ் மேடையை அடுத்த ஐம்பது ஆண்டுக்குத் தாங்கின. முகம் தெரியாத வேலை என்று எழுதினாயே, அதற்கு இதுதான் என் பதில்.

என் முடிவை உறுதியாகச் சொல்கிறேன்: நாடகத்துக்கு வருகிற எவரும் பின்வாசல் வழியாகத்தான் வர வேண்டும். முதல் நாடகத்திலேயே ராஜபார்ட் கேட்கிறவன் பெரும்பாலும் நடிகனாவதில்லை. தன் வசனத்தை மட்டும் மனப்பாடம் பண்ணுவான், மற்றவன் பேசும்போது சுவரைப் பார்ப்பான். இப்போது ஒத்திகையில் இன்னொரு கேடும் சேர்ந்திருக்கிறது. தன் முறை வரும்வரை செல்போனைத் தடவிக்கொண்டு உட்காருகிறார்கள். மேடையில் எதிராளி பேசுவதைக் கேட்பதுதான் நடிப்பில் பாதி. அதை ஒத்திகையில் பழகாதவனுக்கு அரங்கேற்ற ராத்திரியில் தானாக வந்துவிடுமா? பிராம்ப்ட் பண்ணுகிறவளுக்கு இந்தக் குறை வராது. எல்லார் வசனமும் அவளுக்குத் தெரியும். எந்தக் காட்சி எங்கே தொய்கிறது என்று இயக்குநருக்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிடும்.

வேலை எப்படி என்று கேட்பாய். பிரதியை நகல் எடுக்காதே. உன் கையால் எழுது. நீளமான நோட்டில் வலப்பக்கம் மட்டும் வசனம், இடப்பக்கம் காலியாக இருக்கட்டும். யார் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார், கையில் என்ன, எந்த இடத்தில் விளக்கு மங்குகிறது என்பதெல்லாம் இடப்பக்கத்தில். நடிகர் வேண்டுமென்றே நிறுத்தும் இடங்களில் சிவப்பு மையால் கோடு போடு. இதற்கு எல்லா ஒத்திகைக்கும் போயாக வேண்டும். ஒருவருடைய மௌனம் நடிப்பா மறதியா என்பது அங்கே பழகித்தான் தெரியும். நடிப்பாக இருந்தால் அவர் கண் எதிராளியின் மேலேயே இருக்கும். மறந்தவருடைய கண் உன் பக்கம் திரும்பும். அதற்கும் முன்னால் கை அசைவு நின்றுபோகும். கையைப் பார்.

வரியின் முதல் இரண்டு சொல் போதும், முழுவதும் சொல்லாதே. காற்றுக் குரலில் கிசுகிசுக்காதே. அந்தச் சீறல் முன்வரிசைக்குத்தான் போய் விழும். தாழ்ந்த சொந்தக் குரலில் சொல். மேலே மைக் தொங்கினால் அதற்கு விலகி நில். டார்ச்சில் கலர்க் காகிதம் சுற்றிக்கொள். ஒருவர் ஒரு பக்கத்தையே தாண்டிப் போய்விட்டால் அவரைத் திரும்ப இழுக்காதே. விட்டுப்போனதில் கதைக்கு அவசியமான செய்தி எது என்று பார்த்து, அதை எதிரே நிற்பவர் வாயில் எடுத்துக் கொடு. தாமிரபரணியில் பிள்ளைக்கு நீச்சல் பழக்குகிறவர் வயிற்றுக்கடியில் கை வைத்திருப்பார், தாங்கமாட்டார், பிராம்ப்ட் அவ்வளவுதான்.

கேட்கும் பழக்கத்துக்கு இன்னொரு பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆழ்வார்திருநகரியில் மார்கழி அத்யயன உற்சவத்தின்போது அரையர் சேவை நடக்கும். ஒரே பாசுர வரியைப் பாடி, அதற்கு அபிநயம் பிடித்து, பிறகு வியாக்கியானம் சொல்வார்கள். தலையில் குல்லாய், கையில் தாளம். சீனும் இல்லை, விளக்கு வேலையும் இல்லை. ஒரு வரிக்குள் எத்தனை பாவம் இருக்கிறது என்று அங்கே நின்று பார். உன் மன்றத்து நடிகர்கள் வசனத்தை ஏன் ஒரே ஓட்டமாக ஓட்டுகிறார்கள் என்ற கேள்வி உனக்கே எழும்.

இனி வீட்டுக்குச் சொல்ல வேண்டியது. நாடகத்துக்குப் போனால் படிப்பும் வேலையும் கெடும் என்பார்கள். கே. பாலசந்தர் சென்னையில் கணக்காயர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர்; 'மேஜர் சந்திரகாந்த்' அங்கே பிறந்ததுதான். பூர்ணம் விசுவநாதன் வானொலியில் செய்தி வாசித்துக்கொண்டே மேடை ஏறியவர். வேலையை விடாமலேயே மேடைக்கு உண்மையாக இருக்க முடியும் என்பதற்கு இவர்கள் சாட்சி. ஆனால் நேரம் பற்றிய கவலையை நீ தீர்த்து வைக்க வேண்டும். ஒத்திகை எத்தனை மணிக்குத் தொடங்கும், எத்தனை மணிக்கு முடியும் என்று செயலாளரிடம் கேட்டு எழுதி வாங்கி வீட்டில் காட்டு. கடைசி பஸ்ஸுக்கு முன் முடியாத ஒத்திகைக்குப் பெண்களை வரச் சொல்ல எந்த மன்றத்துக்கும் உரிமை இல்லை. அதை நீ பயப்படாமல் சொல்லலாம், என் பெயரையும் சொல்லலாம்.

சம்பளம் இல்லாத இடத்தில் ஒழுங்கு தானாக வராது. கம்பெனியில் தாமதமாக வந்தவனுக்குக் கூலி பிடிப்பார்கள். மன்றத்தில் பிடிக்க ஒன்றுமில்லை. அங்கே நேரத்துக்கு வருகிற ஒருவரைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வருவார்கள். அந்த ஒருவர் நீயாக இரு. சந்தாவையும் நாள் தவறாமல் கட்டிவிடு.

அடுத்த ஒத்திகைக்குப் போ, மகளே. பிரதியை வாங்கி வந்து எழுதத் தொடங்கு. நாடகம் நடக்கிற அன்று நான் வருவேன். உன் குரல் ஒரு தடவைகூட என் காதில் விழவில்லை என்றால், நீ வேலையைச் சரியாகச் செய்தாய் என்று உன் வீட்டாரிடம் நானே வந்து சொல்கிறேன்.

அன்புடன்,
உன் தமிழாசிரியர்